அம்மா வரட்டும்

விசாரணையில் என்னிடம் கடைசியாகத்தான் கேட்டார்கள். முதலில் என் தாய்மாமாவிடம் கேட்டார்கள், டொக்டருக்கு எதிராக முறைப்பாடு எழுதிக் கொடுத்தவர் அவர் என்பதால். பிறகு அம்மாவிடம். பிறகு என் வீட்டுக்காரரிடம். அதற்கும் பிறகு, பிரசவ விடுதியில் அன்றைக்கு வேலையில் இருந்த தாதியிடம். பிள்ளையைச் சுமந்தவள் நான். வெளியே விறாந்தை வாங்கில் உட்கார்ந்து, கடிக்கிற நுளம்பை அடித்துக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்து கிடந்ததால் உள்ளே கதைத்ததெல்லாம் கேட்டது. மேசைக்குப் பின்னால் வெளியூரிலிருந்து வந்த மூன்று பெரிய டொக்டர்மார். எங்கள் டொக்டர் சுவரோரம் போட்ட கதிரையில், பரீட்சையில் பார்த்தெழுதிப் பிடிபட்ட பையனைப் போலக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்க எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும். அது எனக்கு அப்போது இல்லை. அவருடைய வேலை போக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, இருக்க வேண்டும் என்றும் நினைக்கவில்லை. நான் சொன்னதை நான் சொன்னேன் என்று அந்த அறையில் ஒருவராவது ஒத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்கு வருவான். வீடு மகளுக்கு, வளவு மகளுக்கு. பெரும்பாலும் நாங்கள் எல்லாரும் தாய் வழியில்தான் சொந்தம் சொல்லிக்கொள்வோம். இதைக் கேட்டால் வெளியாட்கள், ஆகா, உங்கள் பக்கத்துப் பெண்கள் கொடுத்து வைத்தவர்கள் என்பார்கள். கொடுத்து வைத்தவர்கள் தாய்மார்தான். மகள் பிள்ளை பெறப் போனால் தாய் சொல்வதுதான் சட்டம். புருசன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவான். மகள் படுத்திருப்பாள். சுனாமியில் கடல் வந்து எங்கள் கல்வீட்டை அத்திவாரத்தோடு வழித்துக்கொண்டு போனது, அப்பாவையும் கொண்டு போனது. தகரக் கொட்டிலுக்கு வந்த பிறகும் அம்மாவின் அதிகாரத்தில் ஒரு தகரம்கூடக் குறையவில்லை.

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். சுனாமிக்குச் சில காலம் முன்பு எங்கள் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்தார். கடல் வந்த அன்று தகரம் கிழித்த என் காலைத் தைத்தவர் அவர்தான். மரத்துப்போகப் போடும் விறைப்பு ஊசி முடிந்துபோயிருந்தது. "கத்துங்கோ டீச்சர், நல்லாக் கத்துங்கோ, இண்டைக்கு ஒருத்தரும் குறை நினைக்க மாட்டினம்" என்று சொல்லிக்கொண்டு தைத்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் கத்தாதே என்கிற நானும் கத்தினேன். செருப்பில்லாத காலோடு அவர் அந்த வாரம் முழுவதும் ஓடித்திரிந்ததை ஊர் பார்த்தது. அதற்குப் பிறகு அவர் எங்கட டொக்டர் ஆகிவிட்டார்.

அடுத்த வருடம் ஒரு பெண்ணுக்கு வலி வந்து பிள்ளை இறங்கவில்லை. அவளுடைய தாய் வயலில் நின்றாள். டொக்டர் காத்துக்கொண்டிருக்காமல் அம்புலன்சில் ஏற்றிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். வழியில் பிள்ளை போய்விட்டது. அனுப்பியது சரிதான் என்று பட்டணத்து டொக்டர்மார் சொன்னார்கள். ஊர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரி வாசல் படலைக்கு முன்னால் சனம் கூடி, "தாய் வராம ஆரைக் கேட்டு அனுப்பின?" என்று சத்தம் போட்டது. யாரோ அவருடைய சட்டையைப் பிடித்தார்கள். கூட்டத்துக்கு முன்னால் நின்று கையை நீட்டி நீட்டிக் கதைத்தவர் வேறு யாருமில்லை, என் மாமாதான்.

அதற்குப் பிறகு பிரசவத்துக்கு யார் வந்தாலும் டொக்டர் நாடி பிடிக்கிறதுக்கு முன்பு, "அம்மா எங்கே?" என்று கேட்கத் தொடங்கினார். ஊருக்கு அதில் பெரிய சந்தோசம். டொக்டர் நம்மட முறையைப் படிச்சிட்டார் என்று கடையில் இருந்து பெருமை பேசினார்கள். நானும் சிரித்தேன்.

எனக்கு வலி வந்தது சண்டை வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் மும்முரமாக நடந்த காலத்தில். அந்தப் பக்கம் பீரங்கிச் செல் விழும் சத்தத்தில் இந்தப் பக்கம் கோப்பைகள் அதிரும். அங்கிருந்து இடம்பெயர்ந்து வந்த சின்னம்மா செங்கலடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அவளைப் பார்க்கவென்று அம்மா காலையில் பஸ் ஏறினாள். "வலி வர இன்னும் நாள் கிடக்கு, நான் பின்னேரத்துக்குள்ள வந்திருவன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். மத்தியானமே வலி வந்துவிட்டது. வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். போன் அன்றைக்கு வேலை செய்யவில்லை. அந்த நாட்களில் அது வேலை செய்தால்தான் அதிசயம்.

டொக்டர் வயிற்றில் குழலை வைத்துக் கேட்டார். இடம் மாற்றி வைத்து மறுபடி கேட்டார். அவர் முகம் சுருங்கியதை நான் கண்டேன்.

"பிள்ளைக்குக் களைப்பு டீச்சர். துடிப்புக் குறையுது. பட்டணத்துக்குக் கொண்டுபோய் ஒப்பரேசன் செய்ய வேணும்" என்றார். பிறகு வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "அம்மா எங்கே?" என்று கேட்டார்.

வீட்டுக்காரர் நல்ல மனிதர். அன்றைக்கு அவர் கொஞ்சம் கெட்ட மனிதராக இருந்திருக்கலாம். "மாமி செங்கலடிக்குப் போயிருக்கிறா டொக்டர். இப்ப வந்திருவா. மாமி இல்லாம நான் என்னண்டு சொல்றது? கொஞ்சம் பொறுப்பமே" என்றார்.

"என்னைக் கொண்டு போங்க டொக்டர்" என்றேன். "வெட்டட்டும். எனக்கு ஓம்."

அவர் என்னைப் பார்த்தார், வீட்டுக்காரரைப் பார்த்தார், பிறகு யன்னலால் படலையைப் பார்த்தார். "கொஞ்சம் பொறுங்கோ டீச்சர். அம்மா வரட்டும்."

நான் மறுபடி சொன்னேன். இந்த முறை கத்தித்தான் சொன்னேன். "சத்தம் போடாதகா, பிள்ளைக்குக் கூடாது" என்று தாதி என் வாயை அடக்கினாள். அம்புலன்ஸ் வாசலில் நின்றது. சாரதி அதில் சாய்ந்துகொண்டு நின்றார். டொக்டர் படலைக்குப் போவார், றோட்டைப் பார்ப்பார், வருவார், குழலை வைத்துக் கேட்பார், மறுபடி படலைக்குப் போவார். அந்த மனிதரின் நடை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. பயந்த மனிதரின் நடை அது.

அம்மா வந்த பஸ்ஸைச் சோதனைச்சாவடியில் மறித்துவிட்டார்களாம். ராணுவ வாகனத் தொடர் போய் முடியும்வரை றோட்டை மூடியிருந்தார்களாம். பின்னேரம் மங்கும் நேரத்தில்தான் அம்மா வந்து சேர்ந்தாள். கையில் பை. பையில் பிள்ளை பெற்றவளுக்குக் கரைத்துக் கொடுக்கிற காயச் சரக்கு, செங்கலடிச் சந்தையில் வாங்கியது. டொக்டர் ஓடிப்போய்ச் சங்கதியைச் சொன்னதும் அவள் படலையில் நின்றபடியே கத்தினாள்: "ஐயோ, பின்ன என்னத்துக்கு இவ்வளவு நேரமும் வெச்சிரிக்கிறீங்க? கொண்டு போங்க!"

அவள் அதைத்தான் சொல்வாள் என்று எனக்கு மத்தியானமே தெரியும்.

பட்டணத்தில் வெட்டி எடுத்தார்கள். ஆண் பிள்ளை. தலை நிறைய மயிர். ஒரு தாதி துணியை விலக்கி முகத்தைக் காட்டினாள். நித்திரை கொள்கிற பிள்ளை மாதிரியே இருந்தான். எனக்கு அவனைத் தட்டி எழுப்ப வேண்டும் போலிருந்தது. தட்டவில்லை.

தகரக் கொட்டிலுக்கு வந்து விழுந்தேன். துக்கம் கேட்க வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் கொண்டுவந்தார்கள். சோதனைச்சாவடி, சகுனம், செல் சத்தம், நான் கர்ப்பத்தோடு சைக்கிள் ஓடினது. மாமா மட்டும் காரணத்தோடு நிற்கவில்லை. டொக்டர் பொறுப்பில்லாமல் காத்துக்கொண்டிருந்து பிள்ளையைச் சாகவிட்டார் என்று மேலிடத்துக்கு எழுதிவிட்டார். முந்தி பொறுக்கவில்லை என்று சட்டையைப் பிடித்த கூட்டத்துக்குத் தலைமை தாங்கினவர், இப்போது பொறுத்தார் என்று எழுதினார். இதை நான் அவர் முகத்துக்கு நேரேயே சொன்னேன். "அது வேற, இது வேற" என்றுவிட்டு எழும்பிப் போனார்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. சுனாமிக்க நம்மளப் பாத்த மனிசனைக் காட்டிக் குடுக்கிறதா என்று ஒரு பக்கம். பிள்ளை போயிருக்கே என்று மறுபக்கம். இரண்டு பக்கத்திலும் நான் இல்லை. எல்லாருடைய கதையிலும் வீட்டுக்காரர் பயந்தார், அம்மா வழியில் மாட்டினாள், டொக்டர் நடந்தார். நான் மூட்டையைப் போலக் கிடந்தேன். வாய் திறந்தேன் என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஒருநாள் அம்மாவிடம் சொன்னேன். "நான் ஓம் எண்டு சொன்னன் அம்மா. கொண்டு போகச் சொன்னன்."

அவள் எனக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். "வலியில என்னத்தச் சொன்னயோ மனே, ஆருக்குத் தெரியும்" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் என்னைக் கொன்றது.

வீட்டுக்காரரிடம் கேட்டேன். தனக்குத் தலை சுற்றிக்கொண்டிருந்தது, ஒன்றும் நினைவில்லை என்றார். கொஞ்ச நாளில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சொன்னேனா, சொல்ல நினைத்தேனா? படுக்கையில் கிடந்து அந்த வசனத்தை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்ப்பேன். சொல்லச் சொல்ல அது வேறு யாருடைய வசனமோ போல ஆகிக்கொண்டு வந்தது.

விசாரணையில் என் முறை வந்தபோது டொக்டரின் கதை கிட்டத்தட்ட நல்லபடியாக முடிந்திருந்தது. வீட்டுக்காரர் தான்தான் பொறுக்கச் சொன்னதாக ஒத்துக்கொண்டுவிட்டார். தாதி, குடும்பத்தார் சம்மதிக்கவில்லை என்றுவிட்டாள். நடுவில் இருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, முடிந்த கதையை முடித்து வைக்கிற குரலில் கேட்டார். "உங்கட ஆக்கள் அன்றைக்குச் சம்மதம் தரவில்லை. அப்படித்தானே அம்மா?"

"நான் தந்தன் ஐயா."

"நீங்களா? யாரிடம்?"

"டொக்டரிடம். ரெண்டு தரம்."

அவர் தாதியைப் பார்த்தார். தனக்குக் கேட்கவில்லை என்று அவள் தலையாட்டினாள். அவர் இரக்கமாகச் சொன்னார், "வலியில் இருக்கிறவர்களுக்குச் சில நேரம் அப்படித் தோன்றும்." என் அம்மாவும் அங்கே ஒரு கதிரையில் இருந்தாள். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். நான் டொக்டரைப் பார்க்கவில்லை. அவர் பேசாமல் இருந்தால் போதும், அவருக்கு வேலை மிஞ்சும். அது எனக்குத் தெரியும், அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்.

கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. அவர் எழும்பி நின்றார்.

"டீச்சர் சொன்னவா" என்றார். "ரெண்டு தரம் சொன்னவா. கொண்டு போங்கோ, வெட்டட்டும் எண்டவா. எனக்கு வடிவாக் கேட்டது."

"கேட்டும் ஏன் அனுப்பவில்லை?"

அவர் மாமா இருந்த பக்கம் பார்க்கவே இல்லை. "முந்தி ஒருக்கா பொறுக்காமல் அனுப்பிப் பட்டனான் சேர். அதுக்குப் பிறகு எனக்குப் பயம். தாய் வரட்டும் எண்டு இருந்திட்டன். இவாவைக் கேட்டால் போதும் எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் இருந்திட்டன்."

நான் அழுதேன். பிள்ளையின் முகத்தைக் காட்டியபோதுகூட அப்படி அழவில்லை. அந்த மனிதரின் மேல் அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது, கேட்டுவிட்டு அல்லவா படலையைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்று. கூடவே அவர் காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. யாரோ தண்ணீர் கொண்டுவந்து தந்தார்கள், குடித்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா யன்னல் பக்கம் இருந்தாள். இறங்கும் வரைக்கும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அவள் அப்படி வாய் மூடி இருந்ததை நான் அதற்கு முன்பு கண்டதில்லை.

டொக்டருக்குத் தண்டனை கிடைத்தது. பதவி உயர்வை நிறுத்தி வேறு மாவட்டத்துக்கு மாற்றினார்கள். போகும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அவருக்குப் பதிலாக ஆள் வரச் சுணங்கியது. வயிற்றுப் பிள்ளைக்காரிகள் சோதனைச்சாவடிகளைத் தாண்டிப் பட்டணத்துக்கு அலைந்தார்கள். அந்தப் பழியும் என் தலையில்தான் விழுந்தது. "வாய வெச்சுக்கொண்டு சும்மா இரிந்திருக்கலாமே" என்று மாமாவே கேட்டார்.

சண்டை முடிந்து, வீட்டுத்திட்டத்தில் கட்டித் தந்த கல்வீட்டுக்கு நாங்கள் குடிபோன பிறகு மறுபடி உண்டானேன். இந்த முறை நேரே பட்டணத்து ஆஸ்பத்திரிக்கே போனோம். வீட்டுக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அம்மா காயச் சரக்குப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். பிரசவ விடுதி வாசலில் ஓர் இளம் பெண் டொக்டர் என்னைப் பார்த்துவிட்டு, முந்தி வெட்டின வயிறு என்றபடியால் இந்த முறையும் ஒப்பரேசன்தான் நல்லது என்றாள். சொன்னது என்னிடம் இல்லை, அம்மாவிடம். "நீங்கதானே தாய்? என்ன சொல்றீங்க, செய்வமா?"

அம்மா வாயைத் திறந்தாள். அவள் திறந்த வாயை மூடிக்கொண்டு ஓர் அடி பின்னால் போனாள்.

"என்னைக் கேக்காதீங்க மகள்" என்றாள் டொக்டரிடம். "அவ சொல்லுவா. அவவைக் கேளுங்க."