நடுக்கத்தை விழுங்கிய கோடு

நாகூரில் அபாயா அங்கியின் ஓரத்துக்குப் பூவேலை வரைந்து தர ஆள் வேண்டுமென்றால் ஜஸீலா வீட்டைத்தான் காட்டுவார்கள். தொண்ணூற்றேழில் நாகப்பட்டினம் கம்ப்யூட்டர் சென்டரில் அவளோடு டிசைன் படித்த மூன்று பெண்களும் கல்யாணத்தோடு மவுஸை விட்டார்கள். இவளுக்கு விட வழியில்லை. கணவர் சவுதிக்குப் போன நாலாம் வருஷம் மவுத்தாகி, அங்கேயே அடக்கமும் ஆனார்.

தம்பி அப்சர் ஷார்ஜாவில் எம்பிராய்டரி மெஷின் ஓட்டுகிறான். இவள் டேப்லெட்டில் கொடியும் சுருளும் வரைந்து அனுப்புவாள். அங்கே மெஷின் தைக்கும். கோட்டில் பிசிறு இருந்தால் ஊசி அதையும் சேர்த்துத் தைத்துவிடும். வழுவழுப்பான கோடுதான் அவளுக்குச் சோறு போட்டது.

சாஃப்ட்வேரில் அதற்கு ஸ்டெபிலைசர் என்று ஒரு வசதி உண்டு. எண்ணைக் கூட்டினால், கையின் ஆட்டத்தைக் கழித்துவிட்டு, பேனாவுக்குச் சற்றுப் பின்னால் கோட்டை இழுத்து வரும். நூறு வரை போகலாம். ஜஸீலா பல வருஷம் பத்தில்தான் வைத்திருந்தாள். 2019இல் வலது கை லேசாக ஆடியபோது முப்பது ஆக்கினாள். டேப்லெட் பழசு என்று புதுசு வாங்கினாள், ஐம்பது ஆயிற்று. டீதான் காரணம் என்று டீயை நிறுத்தினாள், எழுபது. கையெழுத்து எறும்பாய்ச் சிறுத்தது. நடக்கும்போது வலது கை வீசவில்லை. இதையெல்லாம் பார்த்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை. திரையில் கோடு ஒழுங்காக வந்ததால், கைக்கு ஒன்றுமில்லை என்று இருந்துவிட்டாள்.

எண் தொண்ணூறில் நின்ற சமயம் எதிர்வீட்டு சஃபியாவின் மகள் ரிஃப்காவுக்குக் கல்யாணம் வந்தது. அந்தத் தெருவில் எந்த மணப்பெண்ணுக்கும் உள்ளங்கையில் முதல் சுருளை ஜஸீலாதான் போட வேண்டும். அஸர் தொழுகை முடிந்து, பெண்கள் சூழ உட்கார்ந்து, மருதாணிக் கோனை எடுத்தாள். கோனில் ஏது ஸ்டெபிலைசர்?

"என்ன லாத்தா, நண்டு ஓடுன மாதிரி இருக்கு?" என்று, அவளை அக்கா முறை வைத்துக் கூப்பிடும் சஃபியா சிரித்தாள்.

"கோன் அடைச்சிருக்கு. ஊசி கொண்டா."

ஊசியால் குத்தினார்கள். கோன் மாற்றினார்கள். மூன்றாவது கோனும் அப்படியே.

"கோன் இல்ல மாமி," என்றாள் ரிஃப்கா மெதுவாக. "உங்க கைதான் ஆடுது. என் கையைப் பிடிச்சிருக்கீங்கல்ல, தெரியுது."

சஃபியா கோனை வாங்கிக் கீழே வைத்தாள்.

"எத்தனை நாளா இப்படி?" என்றாள் சஃபியா.

"இன்னிக்குத்தான். காலையில சாப்பிடல."

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் சஃபியா அவளைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனாள். நரம்பு டாக்டர் வெள்ளைத்தாளை நீட்டி, "ஒரு சுருள் வரைங்கம்மா" என்றார். இருபது வருஷத்துக்கு மேலாகச் சுருள் வரைந்த கை. சுருள் நடுங்கி, சிறுத்து, பட்டாணி அளவில் மூடிக்கொண்டது.

"எப்ப ஆரம்பிச்சுது?"

போன மாசம் என்று சொல்ல வாயெடுத்தவள், பையிலிருந்து தன் டிசைன் நோட்டை எடுத்தாள். பழைய டிசைனில் திருத்தம் கேட்டால் அதே மாதிரிக் கோடு வர வேண்டுமே என்று, ஒவ்வொன்றுக்கும் தேதியும் ஸ்டெபிலைசர் எண்ணும் குறித்து வைப்பது அவள் வழக்கம். அந்த எண் எதற்கென்று டாக்டருக்குச் சொன்னாள். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"நோய் வளர்ந்ததை நீங்களே எழுதி வச்சிருக்கீங்க. அஞ்சு வருஷம் முன்னாடியே வந்திருக்கணும்."

பார்க்கின்சன் என்றார். மாத்திரை கையைக் கொஞ்சம் இலகுவாக்கும், நோயைத் திருப்பாது என்றார். மாதம் ஒரு சுருள் எந்த உதவியும் இல்லாமல் வரைந்து வரச் சொன்னார்.

அன்று சாயங்காலம் அப்சர் கூப்பிட்டான். "லாத்தா, பெருநாளைக்குப் பன்னிரண்டு டிசைன் வேணும்."

"ஆறு தரேன். அதுக்கப்புறம் வேற ஆளைப் பாரு."

"ஏன்? போன தடவை கோடெல்லாம் அவ்வளவு சுத்தமா இருந்துச்சே!"

"அது நான் போட்டது இல்லப்பா," என்று சொல்லி, விஷயத்தையும் சொன்னாள்.

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி ஜஸீலா ஸ்டெபிலைசரைப் பூஜ்யத்தில் வைத்து ஒரு சுருள் வரைகிறாள். இதுவரை மூன்று. ஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் எழுதினாள். மாத்திரை தவறாமல் சாப்பிட்டும், மூன்றாவது முதலாவதைவிட அரை சென்டிமீட்டர் சிறியது.