சோதனையின்றி ஏற்கப்பட்டவர்

எங்கள் சிஞ்ச்வட் குடியிருப்பில் எதிர்வீட்டில் வசிக்கும் கோவிந்தராஜ், பிறர் செய்த பொருளில் குறை காண்பதற்காகவே சம்பளம் வாங்கியவர். கோயம்புத்தூரிலிருந்து இளைஞராக இந்த வேற்று மாநிலத்துக்கு வந்து, பக்கத்து ஊரான சாகணில் உள்ள ஒரு வாகனத் தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் சேர்ந்து, தலை நரைத்தபின் சென்ற மாதம் ஓய்வு பெற்றார். வெளியார் அனுப்பும் பாகங்களை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பது அவர் வேலை. பழுது இருந்தால் சிவப்பு அட்டை கட்டுவார். இல்லையென்றால் வாய் திறவாமல் அடுத்ததை எடுப்பார். குடியிருப்புச் சுவருக்கு வண்ணம் அடித்தபோது, அவர் கன்னத்தைச் சுவரோடு ஒட்டிவைத்து மேடுபள்ளம் பார்த்ததை நாங்கள் வேடிக்கை பார்த்ததுண்டு.

தம் மனைவி மல்லிகாவைப் பற்றி அவர் நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு சொல் சொல்லி எவரும் கேட்டதில்லை, மல்லிகாவும் கேட்டதில்லை. பணி நிறைவு விழாவில் மனைவியையும் மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்துவதும், ஓய்வு பெறுபவர் அவரைப் பற்றிச் சில சொற்கள் பேசுவதும் அத்தொழிற்சாலையின் வழக்கம். "அங்கயாவது ஏதாச்சும் சொல்லித்தானே ஆகோணும், டீச்சர்!" என்று மல்லிகா என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

விழாவுக்கு மறுநாள் காலை என் வீட்டுக்கு வந்தபோது அந்தச் சிரிப்பு இல்லை.

"டீச்சர், டைரக்ட் ஆன் லைன்னா என்னங்க?"

"யார் சொன்னார்கள்?"

"இவருதான். மைக்கைப் புடிச்சு, இந்தியில, 'என் மனைவி டைரக்ட் ஆன் லைன்'னாரு. அவ்வளவுதான், உக்காந்துட்டாரு. கூட்டமே எந்திரிச்சுக் கை தட்டுது. இவருக்குக் கீழ வேலை பார்த்த மாதவ் தம்பி கண்ணைத் தொடைக்கறாப்ல. எனக்கு ஒண்ணும் வெளங்கலீங்க. கோயம்புத்தூர்ல தங்கச்சி வா வான்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. இது கேலின்னா நான் கெளம்பிடறேன். பாராட்டுன்னா இருக்கறேன். எதுன்னு நீங்கதான் கேட்டுச் சொல்லோணும்."

இருவரும் எதிர்வீட்டுக்குச் சென்றோம். நாளிதழ் படித்துக்கொண்டிருந்த கோவிந்தராஜ் அதை மடித்து வைத்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார்.

"வெளியிலிருந்து வர்ற சரக்கெல்லாம் மொதல்ல எங்க ரூமுக்கு வரோணுமுங்க. நாங்க பார்த்து விட்டாத்தான் வண்டி பூட்டற லைனுக்குப் போகும். வருஷக்கணக்கா ஒரு குறையும் இல்லாம அனுப்பறவங்க சரக்கை மட்டும் நாங்க பிரிச்சே பார்க்க மாட்டோம். லாரியிலிருந்து நேரா லைனுக்கு. அதுதான் டைரக்ட் ஆன் லைன். அந்தப் பேரை நான் லேசுல யாருக்கும் குடுத்ததில்லீங்க, டீச்சர்."

மல்லிகாவின் முகம் மலர்ந்தது. மலர்ந்தது பாதியில் அப்படியே நின்றது.

"அப்படின்னா இத்தனை வருஷமா என்னையப் பார்க்கவே இல்லீங்களா?"

"அதான் அம்மிணி சொல்றேன். பார்க்க வேண்டிய அவசியமே வரலை."

"ஏனுங்க, என் மூக்குத்தி எங்க?"

கோவிந்தராஜ் நிமிர்ந்து பார்த்தார். மூக்கு வெறுமையாக இருந்தது.

"உள்ளே கழட்டி வெச்சிருக்கறயா?"

"திருகாணி தேஞ்சு, தீபாவளிக்கு முன்னாடியே தொலைஞ்சு போச்சுங்க. இந்த மூக்கோடதான் உங்க மேடையில நின்னேன். செவுத்துல இருக்கற மேடு மட்டும் நல்லாத் தெரியுது!"

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். ஐயமே கொள்ளாத நம்பிக்கையும் ஏறெடுத்துப் பாராத அலட்சியமும் ஒரே செயலாக வந்து நிற்கும்போது எதற்கு மதிப்பெண் இடுவது? இருவருமே சரியாகப் பேசுவதாக எனக்குப் பட்டது. இருவரும் தவறாகப் பேசுவதாகவும் பட்டது.

கோவிந்தராஜ் மடித்திருந்த நாளிதழை மேலும் ஒருமுறை மடித்தார். "ஒரு விதி இருக்குதுங்க, டீச்சர். அந்தப் பேரு வாங்கினவங்க பட்டறைக்கு வருஷம் ஒரு தடவை நேர்ல போய்ப் பார்க்கோணும். போகலைன்னா அந்தப் பேரு செல்லாது. கசார்வாடியில ஒரு சந்துக்குள்ள இருக்கற பட்டறைக்குக்கூட நான் தவறாமப் போயிருக்கேன். இங்கதான்..."

வாக்கியத்தை முடிக்காமலே எழுந்து மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டார். மனைவியின் வலக்கையைப் பிடித்துச் சன்னலருகே அழைத்துச் சென்று, வெளிச்சத்தில் திருப்பினார். நான் இருப்பதால் கூசிய மல்லிகா கையை இழுத்தார், அவர் விடவில்லை.

"இந்தத் தழும்பு எப்ப வந்துச்சு?"

"நம்ம புள்ள அகல்யா பத்தாவது படிக்கறப்ப. குக்கர் மூடி பட்டுது."

"இது?"

"போன வாரம். எண்ணெய் தெறிச்சுது."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்கதான் பிரிச்சே பார்க்க மாட்டீங்களே!"

கோவிந்தராஜ் அந்தக் கையை மீண்டும் திருப்பினார். "இனிமே தெனமும் பார்க்கறேன்."

"ஐயோ, தெனமும் பார்த்தாக் குறை சொல்லுவீங்களே!"

"இருந்தாச் சொல்லித்தானே ஆகோணும்?"

மல்லிகா கலவரத்தோடு என் பக்கம் திரும்பினார். "டீச்சர், முன்ன மாதிரியே இருந்துரலாமாங்க?"

அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி வெளியேறினேன், உண்மையில் வைத்திருக்கவில்லை.

மாலையில் எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. மல்லிகா கைபேசியில் தங்கையிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"இப்ப வரலை, கண்ணு... இல்லல்ல, சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல... சமாதானமான்னு கேட்டா அதுவும் தெரியல... வரவே மாட்டேன்னு எப்பச் சொன்னேன்? இவரு இன்னும் எடது கையைப் பார்க்கலை."