ஆளில்லாத பின்சீட்டு

அந்தச் சத்தத்தை நான் முதலில் கேட்டது ஒரு மத்தியான வெயிலில், கொக்கிரகுளம் பாலத்தின் மேல். யாரோ காலை மாற்றிவைத்து உட்காருவதுபோல, எங்கள் அம்பாசிடரின் பின்சீட்டிலிருந்து "சில்" என்று ஒரே ஒரு முறை வந்தது. முன்சீட்டில் இருந்த நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாருமில்லை. வாப்பா திரும்பவே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை மட்டும் இறுகியதைக் கண்டபோது, அவருக்கு இது புதிதல்ல என்று பத்து வயதுக்காரியான எனக்கும் விளங்கிவிட்டது.

தொண்ணூறுகளின் நடுவில், சவுதியில் பல வருடம் வண்டி ஓட்டிவிட்டு மேலப்பாளையம் திரும்பிய வாப்பா, வாடகைக்கு ஓட்டலாமென்று வள்ளியூர்ப் பக்கத்து வாழைத்தோட்டக்காரர் ஒருவரிடம் அந்தக் காரை வாங்கியிருந்தார். சாவியைக் கொடுக்கும்போது அந்தப் பெரியவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம், பின்சீட்டை மட்டும் கிழித்துவிடக் கூடாதென்று. காரணம் கேட்காமல் வாப்பாவும் வாக்குக் கொடுத்துவிட்டார்.

பின்னால் ஆள் இருந்தால் அந்தச் சத்தம் வராது. சவாரியை இறக்கிவிட்டு "வெறும் வண்டி"யாகத் திரும்பும்போதுதான் வரும். அதற்குப் பயந்து வாப்பா, வழியில் நடந்துபோகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சும்மா ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார் என்பது, நான் உம்மாவிடம் போட்டு உடைத்த பிறகுதான் தெரிந்தது. பக்கத்து வீட்டார் "ஜின்" என்றார்கள்; ஓதிய தண்ணீரைத் தெளிக்கச் சொன்னார்கள். உம்மா தையல்காரி. எதையும் பிரித்துப் பார்க்காமல் பேசமாட்டாள். சீட்டை எடுத்துப் பார்ப்போம் என்றாள். வாப்பா தன் வாக்கைச் சொன்னார்.

"கிழிக்க மாட்டேன்னுதான சொன்னீய? கழட்ட மாட்டேன்னு சொல்லலையே."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்ததும் காரைத் தெரு வேம்பின் நிழலில் நிறுத்தினார்கள். ரெக்ஸின் பழசு, பிடித்து இழுத்தால் தையலோடு வந்துவிடும் என்று உம்மா அடியிலிருக்கும் இரும்புச் சட்டத்தைத்தான் பிடிக்கவிட்டாள். வாப்பா இரண்டு முட்டியையும் சீட்டில் கொடுத்துப் பின்னால் தள்ள, முன்விளிம்பு பிடிவிட்டு மேலே எழும்பியது. கதவோரத்தில் உரசிக் கிழியாமலிருக்கப் பழைய கைலியைச் சுற்றி, நோயாளியைத் தூக்குவதுபோலச் சாய்த்து வெளியே எடுத்தார்கள். சாய்மானத்தின் கீழே துருப்பிடித்த இரண்டு திருகாணிகள். மண்ணெண்ணெய் விட்டு, ஒரு தேநீர் குடிக்கும் நேரம் பொறுத்து, பையத் திருகி, நேர் மேலே தூக்கியதும் கொக்கியிலிருந்து அதுவும் கழன்று வந்தது. ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

கவிழ்த்துப் போட்ட சீட்டின் இடப்பக்கச் சுருள்கம்பியில் ஒரு வெள்ளிக் கொலுசு கோத்துக்கொண்டு தொங்கியது. ஆள் உட்கார்ந்தால் கம்பி அமுங்கிக் கொலுசை இறுக்கிவிடும். ஆள் இறங்கினால் அது ஆடும். அவ்வளவுதான் என்று, பல நாளைக்குப் பிறகு அன்றுதான் வாப்பா சிரித்தார். கொலுசு என் குதிகாலில்கூட ஏறாத அளவுக்குச் சிறியது.

அதைத் திருப்பிக் கொடுக்க ஞாயிற்றுக்கிழமை மூவரும் வள்ளியூர் போனோம். அந்தச் சீட்டில் படுக்கவைத்துத்தான் காய்ச்சல் கண்ட தன் மகளைப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாகவும், நாங்குநேரி தாண்டும் முன்பே மூச்சு நின்றுவிட்டதாகவும் பெரியவர் அப்போதுதான் சொன்னார். பிள்ளைக்கு ஐந்து வயது. கொலுசை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டு காலுலயும் நானே மாட்டிவிட்டுத்தான் குழியில வச்சேன், பாய். இது எப்படி வந்துச்சு?"

உள்ளேயிருந்து வந்த அவர் மனைவி அதை வாங்கி, முந்தானையால் துடைத்துவிட்டு, பிள்ளையுடையதுதான் என்றார்; அன்றைக்கு இருந்த இருப்பில் உங்களுக்கு என்ன ஞாபகம் இருந்திருக்கும் என்று கணவரைத் தேற்றினார். பெரியவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

எங்களை வழியனுப்பக் கார் வரைக்கும் வந்த அந்த அம்மா, உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னது எனக்கும் கேட்டது.

"எம் மவ கொலுசுல முத்தே கிடையாது, சத்தமே வராது. நாங்க புதுசா எடுத்த வண்டி இது, வேற புள்ள ஏறுனதும் இல்ல. யாரோடதா இருந்தாலும் இங்கனயே இருக்கட்டும்."

திரும்பும்போது நான் பின்னால் ஏறமாட்டேனென்று அடம்பிடித்தேன். உம்மாதான் பின்சீட்டில் தனியாக உட்கார்ந்தாள். திருநெல்வேலி வரும்வரை அவளுடைய இடக்கை, பக்கத்தில் காலியாயிருந்த இடத்தின்மேல் விரித்தபடியே இருந்தது. சத்தம் ஏதும் வரவில்லை.

அந்தக் கார் சில வருடத்தில் காயலான் கடைக்குப் போய்விட்டது. வாப்பாவும் இல்லை. அந்த வாழைத்தோட்டம் இருந்த இடத்தில் இப்போது நாற்கரச் சாலை ஓடுகிறது. வீடு எங்கே இருந்ததென்றுகூட என்னால் காட்ட முடியவில்லை. போன மாதம் அந்த வழியாகப் போகும்போது, அன்றைக்குச் சீட்டில் கையை ஏன் அப்படி வைத்திருந்தாய் என்று உம்மாவிடம் கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, சாதாரணமாகச் சொன்னாள்.

"பிரேக் போட்டா புள்ள கீழ விழுந்திரக் கூடாதுல்லா."