நாலு அலுமினியச் சக்கரங்களும் பத்து விரல்களும்

சிங்கப்பூரின் சையது ஆல்வி சாலையில் அல்போன்சம்மாளிடம் அடி வாங்காதவர்கள் இரண்டே பேர். ஒருவர் பங்குச் சாமியார். அவரை அடித்தால் பாவசங்கீர்த்தனத்துக்கு வேறு கோயில் தேட வேண்டும். இன்னொருவர் முதலாளி அப்துல் முத்தலிப். அவரை அடித்தால் வேறு வேலை தேட வேண்டும். மற்றவர்களுக்கு அவள் சாதி, மதம், மொழி பார்க்காமல் வழங்கியிருக்கிறாள். அந்த வகையில் அவள் காலத்தை முந்திய பெண்மணி.

கணவன் இறந்த மாதமே முத்தலிப்பின் கார் பட்டறையில் பாலிஷ் வேலைக்கு வந்து சேர்ந்தாள். "பொம்பளைக்கு இது சரிப்படாதுலா" என்று நல்ல எண்ணத்தோடு சொன்ன டயர்காரன் இரண்டு வாரம் கஞ்சி குடித்தான். பாலிஷும் அவள் கையில் ஒரு சண்டைதான். உதட்டைக் கடித்து, கெட்ட வார்த்தையால் காரை மிரட்டி, அது அவள் முகத்தைத் திருப்பிக் காட்டும்வரை விடமாட்டாள்.

அறுபத்தாறாம் ஆண்டு அக்டோபரில் கோ தவுக்கேயின் கார் வந்தது. ஜாலான் புசார் பக்கம் சூதாட்ட விடுதி நடத்திய சீனப் பெரியவர்; தவுக்கே என்றால் முதலாளி. சொன்ன சொல் மாறாதவர் என்று பெயர். அந்தச் சொல் பெரும்பாலும் விரலை முறிப்பது பற்றியதாக இருக்கும். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த அந்த நீளக் காரின் சக்கரங்களில் பெயின்ட் இல்லை, குரோமியப் பூச்சும் இல்லை. வெறும் அலுமினியம்.

"மகள் கல்யாணத்துக்கு இந்தக் கார்தான்," என்றார் தவுக்கே, சந்தை மலாயில். "சக்கரம் மங்கியிருந்தால் தொட்ட கைகளின் விரல் பத்தும் எனக்கு." ஆசீர்வாதம் செய்வதுபோலச் சிரித்துவிட்டுப் போனார்.

அல்போன்சம்மாள் மூன்று நாள் தேய்த்தாள். கல்யாணத்துக்கு முதல் நாள் சக்கரங்கள் நாலும் பளபளத்தன. அன்று ஆயுத பூசை. பட்டறையில் இந்து ஆட்கள் பூசை போடுவார்கள்; முத்தலிப் வாழைப்பழம் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடையில் டீ குடிக்கப் போய்விடுவார். அல்போன்சம்மாள் ஜெபமாலைக்கு லூர்து மாதா கோயிலுக்குப் போனாள்.

தகரம் தட்டும் கோவிந்தசாமிதான் பூசாரி. பக்தி முற்றிய மனிதன். ஆரத்திக்கு மஞ்சள் நீரில் கிள்ளிப் போடவேண்டிய சுண்ணாம்பை, சிவப்பு போதவில்லை என்று கையால் அள்ளிப் போட்டான். கார்களைச் சுற்றி ஆரத்தி எடுத்தபின், பெரிய காருக்குப் பெரிய மரியாதை என்று அதைச் சக்கரங்களின் மேலேயே ஊற்றினான். வருடாவருடம் மற்ற கார்களின் சக்கரங்களில் ஊற்றியவன்தான். அவற்றின் பெயின்டும் குரோமியமும் பொறுத்துக்கொண்டன. வெறும் அலுமினியத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. சுண்ணாம்பு ராத்திரி முழுக்க உட்கார்ந்து அரித்தது.

காலையில் வந்து பார்த்தவள் முந்தானையை இறுக்கிச் செருகினாள். சக்கரங்கள் குஷ்டம் பிடித்தவைபோல வெள்ளையும் சாம்பலுமாகக் கிடந்தன.

"யாருடா ஊத்துனது?"

"திருஷ்டி கழியட்டும்னுதான்கா..."

பழைய சைக்கிள் ட்யூபால் விழுந்தது. காதில், முதுகில், ஓடும்போது பின்புறத்தில். கோவிந்தசாமி ஒரு லாரிக்கு அடியில் புகுந்து அங்கேயே தங்கிவிட்டான்.

"அவனைக் கொன்னுட்டா சக்கரம் பளபளத்துருமா?" என்றார் முத்தலிப்.

"பளபளக்காது பாய். மனசு ஆறும்."

பிறகு உட்கார்ந்தாள். சுண்ணாம்பை வெட்ட எலுமிச்சைச் சாறு விட்டுக் கழுவினாள். வழவழப்பான உப்புத்தாளை மண்ணெண்ணெயில் நனைத்துத் தேய்த்தாள்; அதைவிட வழவழப்பானதால் மறுபடியும். அப்புறம் பாலிஷ், கிழிந்த வேட்டித் துணி. துணி கரியாகக் கறுத்தது. விரல் நுனிகளில் ரத்தம் கசிந்தது. மத்தியானத்துக்குள் மூன்று சக்கரங்கள் உயிர் பிழைத்தன.

அப்போது மாலைக் கல்யாணத்துக்குக் காரை எடுத்துப்போகத் தவுக்கேயின் ஆட்கள் இருவர் வந்தார்கள். நாலாவது சக்கரத்தைப் பார்த்தார்கள். நாகரிகமானவர்கள், முதலில் முதலாளியின் முகத்தில்தான் குத்தினார்கள். முத்தலிப் ஒரு பல்லைத் துப்பிவிட்டு, "உட்காருங்க, டீ சொல்றேன்," என்றார். அடுத்தவன் அல்போன்சம்மாளின் கொண்டையைப் பிடித்தான். சக்கர நட்டு கழற்றும் ஸ்பானர் சிலுவை வடிவில் இருக்கும். அவள் வாழ்நாளில் இவ்வளவு பக்தியோடு எந்தச் சிலுவையையும் பற்றியதில்லை. அவன் முழங்கால் முறிந்த சத்தம் எதிர்க்கடைவரை கேட்டது.

தவுக்கேயே வந்துவிட்டார், கையில் சுத்தியலோடு. நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"யார் வேலை?"

லாரிக்கு அடியில் ஒருவன் கந்தர்சஷ்டி நோன்பு வேண்டிக்கொண்டிருந்தான்.

"சக்கரம் என் பொறுப்பு," என்றாள் அவள். கோவிந்தசாமியை அடிக்கும் உரிமையை அவள் யாரோடும் பங்கு போட்டுக்கொள்வதில்லை. "விரலை எடுத்துக்குங்க தவுக்கே. ஆனா நாலாவதை யாரு தேய்ப்பா?"

தவுக்கே நியாயஸ்தர். "முடி. அப்புறம் முறிக்கிறேன்."

முடித்தாள். சக்கரத்தில் தவுக்கேயின் முகம் தெரிந்தது, அவருக்கே பிடிக்கும்படி. பெஞ்சின் மேல் கையை வைக்கச் சொன்னார். வைத்தாள்.

"அடிங்க. ஆனா ஒண்ணு. இது வெறும் அலுமினியம். நாலு மழை பட்டா ஒரு மாசத்தில திரும்ப மங்கிரும். அப்ப எங்க போவீங்க?"

சுத்தியல் பாதி வழியில் நின்றது. "மங்காமல் இருக்க மேலே எதுவும் பூச முடியாதா?"

சிங்கப்பூரில் கார் துடைக்கும் எவருக்கும் அதன் பதில் தெரியும். மெழுகு. பாலிஷ் போட்டபின் பூசினால் காற்றும் தண்ணீரும் அலுமினியத்தை நெருங்காது. முத்தலிப்புக்கும் தெரியும். அவர் வீங்கிய வாயோடு மெதுவாக எழுந்துபோய், மெழுகு டின்னின்மேல் கைலியைப் பரப்பி உட்கார்ந்துகொண்டார்.

"அப்படி ஒண்ணை வெள்ளைக்காரனே இன்னும் கண்டுபிடிக்கல தவுக்கே," என்றாள் அல்போன்சம்மாள்.

தவுக்கே அவளுடைய பத்து விரல்களையும் ஒருமுறை பார்த்தார். பிறகு மேகம் கட்டியிருந்த வானத்தைப் பார்த்தார். சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு, அங்கேயே ஆணை பிறப்பித்தார்: இந்தப் பெண்ணின் விரலில் கீறல் விழுந்தால் விழவைத்தவனின் கழுத்து போகும்.

கார் மாதாமாதம் மங்கி வந்தது, பளபளத்துப் போனது. அல்போன்சம்மாளுக்குத்தான் ஒரு குறை. அவள் யாரை அறைந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டார்கள். திருப்பி அடிக்க ஜாலான் புசார்வரை ஒருவனுக்கும் துணிச்சல் இல்லை. சண்டையே ருசிக்காமல் போய்விட்டது என்று அவள் சாமியாரிடம் முறையிட்டாள்.