ஒன்பதா, இருபத்திரண்டா?

கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் வாரநாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஓரெஸ்ட் ஹ்னாட்டியூக், சனி ஞாயிறுகளில் ஐஸ் ஹாக்கி அரங்குகளின் மூலையில் உட்கார்ந்து தன் ஊர் அணிக்கு இளம் ஆட்டக்காரர்களைத் தேடுவார். பதினெட்டு வருடமாக ஒரே கொள்கை: பெயரைப் பார்க்கக் கூடாது, சட்டை எண்ணை மட்டும் குறிக்க வேண்டும். பெயர் தெரிந்தால் அவன் அப்பன் யார், சித்தப்பன் யார் என்று மனசு சாய்ந்துவிடுமாம். இதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார்.

ஆள் எடுப்பதற்கு முதல் நாள், அணி மேலாளர் கெயில் பெடர்சனோடு மல்லுக்கு நின்றார்.

“ஒன்பது வேணாம் கெயில், சரியான சோம்பேறி. இருபத்திரண்டைப் பாரு, கடைசி இருபது நிமிஷம் புலி மாதிரி பாய்ஞ்சான்!”

“ஒன்பது நல்லாத்தான் சறுக்குறான். அது கெடக்கட்டும், பட்டியல்ல இருபத்திரண்டுன்னு யாருமே இல்லையேய்யா!”

“அப்ப நான் பாத்தது என்ன, பேயா?”

கெயில் அந்தப் பையன்களின் பயிற்சியாளருக்கே போன் போட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

“நீ காபி வாங்கப் போனப்ப ஒன்பதுக்கு மூக்குல அடி. சட்டையெல்லாம் ரத்தம். ரத்தச் சட்டையோட ஆட விடுவாங்களா? மாத்துச் சட்டை கொடுத்திருக்காங்க. அதுல நம்பர் இருபத்திரண்டு.”

ஓரெஸ்ட் தன் குறிப்பேட்டை முன்னும் பின்னும் புரட்டினார். சோம்பேறியும் அவன்தான், புலியும் அவன்தான்.

“இப்ப எடுக்கலாமா, வேணாமா?” என்றாள் கெயில்.

“எடுக்கலாம். ஆனா ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னாடி அவன் மூக்குல குத்தப்போறது நீயா, நானா?”