குழாய்க்கு இடம் போட்டோம்

என் அண்ணன் சின்ன வயதிலேயே ஊருக்கு உழைத்தவர் என்று இன்றைக்கும் நாலு பேர் சொல்கிறார்கள். கூடப் பிறந்தவள் நான். எனக்குத் தெரியாமல் எங்கே போய் உழைத்தாரோ. எங்கள் வீட்டில் முட்டை அவருக்கு, தட்டு கழுவுவது எனக்கு. என் படிப்பை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினார்கள். அவர் எஸ்.எஸ்.எல்.சி.யை மூன்று தடவை எழுதினார். மூன்றாவது தடவையும் போனதும், "வாய் இருக்கு, பொது வேலைக்குப் போகட்டும்" என்றார் அப்பா. அண்ணன் சேவைக்கு வந்த வழி அதுதான்.

பஞ்சாயத்து மெம்பரும் ஆனார். நான் அதே தெருவின் கோடியில் வாழ்க்கைப்பட்டிருந்தேன்.

தாம்பரத்தில் அப்போது எங்கள் தெருவுக்குக் குழாய் கிடையாது. தண்டவாளம் தாண்டி ரயில்வே குவார்ட்டர்ஸில்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும். சரக்கு வண்டி மறித்து நின்றால் அடியில் குனிந்து போவோம். எனக்கு ஏழாம் மாசம். ஒரு நாள் நான் அடியில் இருக்கும்போதே வண்டி அசைந்தது. மீன் விற்கிற அக்கா என் கொண்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டாள்.

அந்தச் சமயம் தெருவுக்கு ஒரு குழாய் சாங்ஷன் ஆயிற்று. அண்ணன் அதை எங்கே வைக்கச் சொன்னார் தெரியுமா? தன் கேட்டுக்கு உள்ளே. அண்ணி பகலெல்லாம் கேட்டைப் பூட்டிவிட்டுத் தூங்குவாள். அங்கே வந்தால் எங்களுக்கு மறுபடியும் சரக்கு வண்டிதான்.

ஆண்கள் முன்னால் எனக்குப் பேச வராது. குழாய்க்கு ஆபீசர் இடம் பார்க்க வருகிற அன்று காலை, என் ஓட்டைக் குடத்தைக் கொண்டுபோய்த் தெரு நடுவில், பொதுவான இடத்தில் வைத்தேன். குவார்ட்டர்ஸ் குழாயில் வரிசைக்கு அப்படித்தான் இடம் போடுவோம். ஒரு குடம் நின்றால் போதும், பெண்களுக்குக் கை சும்மா இருக்காது. பத்து மணிக்குள் குடமும் தவலையும் வாளியுமாக வால் நீண்டுவிட்டது.

ஜீப் அங்கே வந்து நின்றது.

"இங்க ஏற்கெனவே குழாய் இருக்கா?" என்று ஆபீசர் கேட்டார்.

"இனிமேதான் சார் வரப்போவுது. எடம் போட்டுகினு கீறோம்" என்றாள் மீன்கார அக்கா.

அண்ணன் ஓடிவந்தார். "யாரு இதெல்லாம் வச்சது? எடுங்க! குழாய் என் வூட்டாண்ட!"

"இன்னா மெம்பரே, நாங்க தண்ணி புடிக்க உன் பொண்டாட்டிய எழுப்பணுமா? அது எழுந்துக்கறதுக்குள்ள குழாய் நின்னுடும்!" என்றாள் அக்கா.

ஆபீசர் சிரித்துவிட்டார். முதல் குடத்தின் பக்கத்திலேயே முளை அடிக்கச் சொன்னார்.

அண்ணன் அசரவில்லை. "நானும் இந்த எடத்ததான் சார் நெனச்சேன். பொம்பளைங்க கஷ்டம் எனக்குத் தெரியாதா?" என்றார். பரீட்சையில் மூன்று தடவை கோட்டடித்தவருக்கு அந்தப் பதில் மட்டும் எப்படித்தான் உடனே வந்ததோ.

எனக்கு வலி எடுப்பதற்கு முன்பே குழாய் வந்தது. அண்ணன் மாலையோடு அதைத் திறந்துவைத்து, தாய்மார்களுக்காகத் தான் பட்ட பாட்டைச் சொல்ல ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் தாய்மார்கள் எல்லோரும் தண்ணீர் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டோம்.