சாசலிட்டோ வீட்டின் முன் எடுத்த போட்டோ

டிசம்பர் சனிக்கிழமைகளில் சான் ஹோசேயில் செய்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. துணி துவைக்கலாம். இந்தியக் கடைக்குப் போய் டின்னில் அடைத்த முருங்கைக்காய் வாங்கி வரலாம். மிஞ்சிப் போனால் வாடகைக்கு ஒரு வீடியோ கேசட். எனக்கு இதெல்லாம் போதவில்லை. அந்த வருடம்தான் ஒரு செகண்ட்ஹேண்ட் கேமராவும் டிரைவிங் லைசென்ஸும் கைக்கு வந்திருந்தன. இரண்டையும் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பது பெரிய அநியாயமாகப் பட்டது.

அதனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் அறைத்தோழனை எழுப்பி, அவன் முனகலைக் கேட்காத மாதிரி, காரில் ஏற்றி வடக்கே ஓட்டிக்கொண்டு போவேன். சான் பிரான்சிஸ்கோவைக் கடந்து, பாலத்தைத் தாண்டினால் சாசலிட்டோ. மத்தியதரைக் கடலோரத்திலிருந்து ஓர் ஊரைப் பெயர்த்து வந்து வைத்தது போல இருக்கும் என்று நூலகத்திலிருந்த பயணப் புத்தகம் சொன்னது. நான் மத்தியதரைக் கடலைப் பார்த்ததில்லை. ஆகவே ஒத்துக்கொண்டேன்.

மலைச்சரிவு முழுக்க வெள்ளைச் சுவர்களும் சிவப்பு ஓடுகளும். டிசம்பரிலும் மதில்மேல் காகிதப்பூ. கீழே தண்ணீரில் வரிசையாகப் படகுகள். காலையில் மூடுபனி பாலத்தின் கால்களை மறைத்துவிடும், மேல்பாதி மட்டும் சிவப்பாக அந்தரத்தில் நிற்கும். வெயில் ஏறியதும் ஊர்க்காரர்கள் அரை டிராயரோடு ஓட வந்துவிடுவார்கள். நாங்கள் பனியன், அதற்கு மேல் ஸ்வெட்டர், அதற்கும் மேல் ஜாக்கெட் என்று கவசம் பூண்டு நடப்போம். எதிரே வரும் நாய்கள்கூடச் சிவப்பு ஸ்வெட்டரும் கழுத்தில் மணியுமாக எங்களைவிட நன்றாக உடுத்தியிருக்கும். கருப்புக் கண்ணாடி போட்ட பெண்கள் உணவகத்துக்கு வெளியே, குளிருக்குக் கேஸ் அடுப்பைத் தலைக்கு மேல் எரியவிட்டுக்கொண்டு, காபி குடிப்பார்கள். ஈச்சமரங்களுக்கு அடியிலிருந்து நுனிவரை சின்னச் சின்ன பல்புகள் சுற்றியிருந்தன.

ஒரு சனிக்கிழமை லாரியில் ஐஸ் கொண்டுவந்து புல்தரையில் கொட்டினார்கள். பனி பெய்யாத ஊரில் குழந்தைகள் பனியில் சறுக்கி விளையாட வேண்டுமாம். அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து வழுக்கின குழந்தைகளை நான் ஒரு ரோல் முழுக்க எடுத்துத் தள்ளினேன்.

"ஏல, எங்க ஊருல மீன் லாரிக்குத்தான் இவ்வளவு ஐஸ் வரும்" என்றான் அறைத்தோழன்.

அவன் பாளையங்கோட்டைக்காரன், கிறிஸ்தவன். வீட்டை விட்டு வந்தபின் அவனுக்கு அதுதான் முதல் கிறிஸ்துமஸ். எல்லாவற்றிலும் குறை கண்டுபிடித்துக்கொண்டே வந்தான். ஒரு வீட்டிலும் காகித ஸ்டார் தொங்கவில்லை என்பது பெரிய குறை. கதவுக்குக் கதவு பச்சை இலையில் வளையம் கட்டித் தொங்கவிட்டிருப்பது அதைவிட.

"நம்ம பக்கம் சாவு வீட்டுக்குத்தானல மலர்வளையம் வைப்பாவ? தெருவோட காலியா?"

"சத்தமா சொல்லாதடா. யாருக்காவது தமிழ் தெரிஞ்சிருக்கப் போகுது."

"இங்கயா? தெரிஞ்சா அவனையும் போட்டோ எடு."

போட்டோ என்றதும் சொல்ல வேண்டும். அமெரிக்காவுக்குப் புதிதாக வந்த எங்களுக்கெல்லாம் அப்போது ஒரு பழக்கம் இருந்தது. தெருவில் யாருடைய காராவது பளபளவென்று நின்றால் அதன்மேல் சாய்ந்து ஒரு போட்டோ. நல்ல வீடு கண்டால் கேட்டில் கைவைத்து ஒன்று. உரிமையாளர் வெளியே வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு விதி கிடையாது. இரண்டு பிரதி போட்டு ஒன்றை ஊருக்கு அனுப்புவோம். யாரும் பொய் சொல்ல நினைத்து அனுப்பவில்லை. பின்னால் எழுதும் ஒரு வரியில் 'இங்கே இப்படி இருக்கிறது' என்றுதான் இருக்கும்.

அப்படித்தான் அந்த வீட்டின் முன்னால் அவனை நிறுத்தினேன். வளைவு வைத்த மரக்கதவு, சிவப்பு ஓடு, வாசலில் எலுமிச்சை மரம். கேட்டின்மேல் ஒரு கையை வைத்து, ஒரு காலை மடக்கி, வாடகை வசூலிக்க வந்தவன் போல நின்றான். நல்ல வெளிச்சம். நான் எடுத்ததிலேயே சிறந்த படம் அது.

அவனுக்கு ஊரில் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் ஒரு பெண் வீட்டோடு பேச்சு நடந்தது. இரண்டொரு தடவை போனில் பேசியிருந்தான், அந்தப் பக்கம் வீடே சுற்றி நிற்க. "அவ சிரிக்கது போன்லயே தெரியுதுல" என்று என்னிடம் சொன்னான். அதற்குப் பிறகு மற்ற வரன்களைப் பற்றி அவன் அம்மா பேச்செடுத்தாலே போன் கார்டில் காசு தீர்ந்துவிட்டது என்று வைத்துவிடுவான். அவ்வளவு பிடித்துப் போயிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு பேசினவன் ரிசீவரைப் பிடித்தபடியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். ஸ்பீக்கரில் போட்டான்.

"ஏய்யா, நீ அனுப்புன போட்டோவக் காட்டுனேன். பொண்ணு வீட்டுல எல்லாருக்கும் ஒன் வீடு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. வாசல்ல எலுமிச்சையெல்லாம் நிக்காமே."

"அம்மா, அது என் வீடுன்னா சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல. அவ்வோளா நெனச்சிட்டாவ."

"இல்லன்னு சொல்லிருக்கலாம்ல?"

"நான் இல்லன்னும் சொல்லலய்யா."

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மறுநாள் பக்கத்து ஊரான ஃப்ரீமான்டிலிருந்து ஒரு போன். பெண்ணின் அத்தையும் மாமாவும் அங்கேதான் இருந்தார்கள். பெண் அந்தப் போட்டோவை ஸ்கேன் செய்து அவர்களுக்கும் ஈமெயிலில் அனுப்பியிருந்தாள். வருகிற சனிக்கிழமை வீட்டைப் பார்க்க வரலாமா, ஃபார்மாலிட்டி எதுவும் வேண்டாம், ஒரு டீ போதும் என்றார் மாமா. நாங்கள் இருந்த அபார்ட்மென்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து டீ கப்பே ஒன்றுதான். ஜன்னலில் பிளைண்ட்ஸ் உடைந்து, பெட்ஷீட்டை ஆணியடித்து மாட்டியிருந்தோம்.

"நேரா சாசலிட்டோவுக்கே வரச் சொல்லுடா" என்றேன். "அந்த கேட் முன்னாடி வச்சு உண்மையைச் சொல்லிடு. சுத்தமா முடிஞ்சிடும்."

"சம்பந்தமும் சேந்து முடிஞ்சிரும்."

"முடியட்டுமே. கல்யாணத்துக்கப்புறம் தெரியறதுக்கு இது மேல்."

"ஒனக்கென்ன, நீ போட்டோ எடுக்க வாரவன்" என்றான். ஆனாலும் போன் பண்ணினான்.

அந்த சனிக்கிழமை மாலை படகுகளுக்கெல்லாம் விளக்குப் போட்டு ஊர்வலம் விடுகிற நாள் என்பது போன பிறகுதான் தெரிந்தது. கார் நிறுத்த இடமில்லை. அத்தை பட்டுப்புடவை, மேலே பனிச்சறுக்கு ஜாக்கெட், கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் ஒரு டப்பா அச்சு முறுக்கு. மாமா பின்னால் மெதுவாக வந்தார். நால்வரும் மேடேறிப் போய் அந்த வெள்ளை வீட்டின் முன்னால் நின்றோம்.

"போட்டோவுல பாத்ததவிட பெருசா இருக்கே" என்றார் அத்தை.

இவன் இந்தத் தடவை கேட்டைத் தொடவில்லை. "ஆன்டி, இது என் வீடு இல்ல. சும்மா முன்னால நின்னு போட்டோ எடுத்தேன். நான் சான் ஹோசேல அபார்ட்மென்ட்ல இருக்கேன். இவனோட."

என்னையும் காட்டினதால் நான் ஒரு வணக்கம் போட்டேன்.

மாமா சிரித்தார். "எனக்கு அன்னைக்கே தெரியும் தம்பி. இந்த வீட்டோட கேட்ட வாங்கணும்னாலே நான் ரிட்டயர்மென்ட் பணத்தை எடுக்கணும்."

அத்தை அவர் பக்கம் திரும்பினார். "ஒங்களுக்குத் தெரியுமா? அப்போ எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ சந்தோஷமா இருந்த."

"நான் ஊருல அத்தன பேர்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்! எங்கண்ணன் இல்லாதவங்களுக்குப் பொண்ணு குடுப்பாரு. பொய் சொன்னாங்கன்னு தெரிஞ்சா வாசல்படி ஏறவிட மாட்டாரு. தெரியும்ல?"

"நான் பொய்..." என்று ஆரம்பித்தான் இவன்.

"அத எங்கண்ணன்ட்ட சொல்லுங்க. இப்பவே. வேற யார் மூலமாவும் அவர் காதுக்குப் போகக் கூடாது."

இங்கே மாலை என்றால் அங்கே ஞாயிறு காலை. துறைமுகத்தோரம் இருந்த பொதுத் தொலைபேசியில் கார்டு எண்ணை இரண்டு தடவை தப்பாக அடித்து, மூன்றாவதில் லைன் கிடைத்தது. பெண்தான் எடுத்தாள். அப்பா முதல் ஆராதனைக்குக் கோயிலுக்குப் போயிருந்தார்.

எங்களுக்குக் கேட்டது இவன் பக்கம் மட்டும்தான். "அந்த வீடு என்னோடது இல்லீங்க." பிறகு, "இல்லீங்க, வாடகையும் இல்ல." பிறகு, "எனக்கும் அது யாரு வீடுன்னு தெரியாதுங்க." தண்ணீரில் முதல் படகு விளக்கோடு கிளம்பியிருந்தது. பாய்மரத்தில் பச்சை பல்பால் ஒரு மரம் செய்திருந்தார்கள். இரண்டாவது படகின் கூரையில் தாடி வைத்த கிறிஸ்துமஸ் தாத்தா வேஷக்காரர் கை ஆட்டிக்கொண்டு போனார். கரையில் எல்லோரும் கத்தினார்கள். இவன் ஒரு காதைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான். அத்தை அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேமராவைக் கழுத்தில் மாட்டியிருந்தும் ஒரு படகைக்கூட எடுக்கவில்லை.

வைத்துவிட்டு வந்தான்.

"என்ன சொன்னா?" என்றார் அத்தை.

"அவ்வளவு பெரிய வீட்ட யாரு தூத்துப் பெருக்கன்னு பயந்துக்கிட்டு இருந்தாங்களாம்."

மாமா வாய்விட்டுச் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. "அவ சொல்றது இருக்கட்டும். எங்கண்ணன் என்ன சொல்றாருன்னு பாப்போம்" என்றார். ஆனால் முறுக்கு டப்பாவை எங்களிடம் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

கிறிஸ்துமஸ் முடிந்த பிறகுதான் பெண்ணின் அப்பா கூப்பிட்டார். திட்டவில்லை. "நீங்க நெஜமா இருக்கிற வீட்டப் படம் எடுத்து அனுப்புங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் வீட்டைப் பெருக்கலாம் என்றேன். இவன் விடவில்லை, இருக்கிறபடியே எடு என்றான். எடுத்தேன்: தரையில் இரண்டு மெத்தை, அட்டைப்பெட்டி மேல் டிவி, ரைஸ் குக்கர், வாசலில் ஷூக்குவியல், ஜன்னலில் பெட்ஷீட். வெளிச்சம் சரியில்லாததால் எல்லாமே கொஞ்சம் மஞ்சளாக விழுந்தன. தபாலில் போட்டபின் இவன் அதைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டான். வாரங்கள் போயின. போன் அடித்தால் என்னைத்தான் எடுக்கச் சொல்வான்.

ஒருநாள் காலை நான் எடுத்தபோது பேசியது பெண்ணின் அம்மா.

"தம்பி, படமெல்லாம் வந்துது. அந்த ஜன்னல் என்ன அகலம், என்ன ஒசரம்? கேட்டுச் சொல்லுங்க. இவ வரும்போது ஸ்கிரீன் தச்சுக் குடுத்து விடணும். அந்தப் பெட்ஷீட்டப் பாக்க முடியல."

எங்களிடம் அளவு நாடா கிடையாது. இவன் நாற்காலி மேல் ஏறி, பிரிண்டர் தாளை ஜன்னலில் வைத்து வைத்து அளந்தான். நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தாளாக நாகர்கோவிலுக்குச் சொன்னேன்.